மலிவு சர்வரும் ஒரு முட்டத்துக் கல்யாணமும்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு வாட்ஸாப்பில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருமாம். எனக்கு வருவது விபிஎஸ் ஒப்பீட்டுப் பட்டியல். போன வாரம் ஜெனிஷா அனுப்பியிருந்தாள். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். ஏழெட்டு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் ஆக மலிவான பிளான், எத்தனை கோர், எவ்வளவு ராம், டிஸ்க் என்ன வேகம், மாத வாடகை என்ன என்று பச்சை மஞ்சள் சிவப்பில் கட்டம் கட்டி, கீழே ஒரு கேள்வி: "லில்லிக்கா, இதுல எது பெஸ்ட்? சட்டுனு சொல்லுங்க, சார் கேக்காரு."

சட்டென்றாம்! நான் அப்போது நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, "யாரு பாக்கதுக்கு?" என்று மட்டும் பதில் போட்டேன். அவள் தலையைச் சொறியும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். பொம்மைக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதவே தொடங்கிவிட்டேன்.

விபிஎஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு ஊரில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. அதைப் பல அறைகளாகத் தடுத்து, ஆளுக்கொன்றாக மாத வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் அறைக்குள் நீங்கள்தான் ராஜா. வெப்சைட் வைக்கலாம், வீடியோ ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் மோட்டார் எல்லோருக்கும் ஒன்றுதான். காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்குப் புரியும். பக்கத்து வீட்டுக்காரி துணி துவைக்கக் குழாயைத் திறந்தால் நம் குழாய் சொட்டுப் போடும். மலிவு பிளான் என்றால் அந்தக் காம்பவுண்டில் குடித்தனம் அதிகம் என்று அர்த்தம். தொழில் ரகசியம் இவ்வளவுதான். இதற்குத்தான் எனக்கு இத்தனை காலம் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் இந்த வேலைக்கென்று படித்து வந்தவள் இல்லை. டைப்ரைட்டிங், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், அப்புறம் கோட்டாறு பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டு கம்போஸ் செய்யும் வேலை. மணமகன் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் இரண்டு குடும்பமும் சேர்ந்து வந்து சண்டை போடுவார்கள். சம்பந்திகள் ஒற்றுமையாகச் செய்யும் முதல் காரியமே அதுதான். அந்தச் சண்டைகளிலிருந்து தப்பித்துத்தான் ஞானதாஸ் சாரின் வெப்சைட் கம்பெனிக்கு வந்தேன். வந்த பிறகு தெரிந்தது, கல்யாணம் என்னை விடப்போவதில்லை என்று.

ஞானதாஸ் சார் உருவத்தில் சின்ன ஆள், சத்தத்தில் பெரிய ஆள். எல்லோரும் அவருக்கு "மக்கா"தான். ஆணோ பெண்ணோ, வயது எதுவோ, மின்சார வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வந்தவரும் மக்கா. கத்துவார், கையை ஆட்டுவார், "சவத்த தூக்கித் தூரப் போடு" என்பார். அதற்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டோம். ஆனால் குரல் இறங்கி, "மேடம், ஒரு நிமிஷம் வாறீங்களா?" என்று கேட்டால் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் எழுந்து போவோம். கோபம் வந்தால்தான் அவருக்கு மரியாதை வரும். புதிதாக வந்தவர்கள் இது தெரியாமல், சார் எவ்வளவு பண்பாகப் பேசுகிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போய் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

சர்வர் வாங்குவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. இணையத்தில் எவன் எழுதிய மதிப்புரையையும் நம்ப மாட்டார். "அவன் அவனுக்க வேலைக்குப் பாத்திருக்கான். நம்ம வேலைக்கு நாமதான் பாக்கணும்" என்பார். எந்த பிளானாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததும் அதில் ஏற்ற வேண்டியது சாரின் மச்சினி கல்யாண வீடியோ.

சிரிக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தின் தராசு அதுதான். நீளமான அந்த வீடியோவைப் புது சர்வரில் போட்டு, சின்ன அளவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். சர்வருக்கு உடம்பில் எவ்வளவு வலு இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த வீடியோவில் பந்தி நடக்கும்போது ஒரு பெரியவர் ரசத்தைக் குடித்துவிட்டுப் பெருந்தும்மலாகத் தும்முவார். சர்வர் எவ்வளவு சீக்கிரம் தும்மலுக்கு வந்து சேர்கிறது என்பதுதான் எங்கள் கணக்கு. "தும்மியாச்சா?" என்று சார் தன் அறையிலிருந்து கேட்பார். "இன்னும் சோறே போடல சார்" என்போம். அந்தப் பெரியவர் யார், எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும், சாருக்கும்கூட, தெரியாது. ஆனால் அவரை வழியில் பார்த்தால் நாங்கள் எல்லோரும் வணக்கம் சொல்லியிருப்போம்.

அடுத்தது டிஸ்க். பெரிய கோப்பு ஒன்றை எழுதி, திரும்பப் படிக்க வைத்து வேகம் பார்ப்போம். பிறகு திருட்டு. நான் சொல்லவில்லை, அந்தத் தொழிலிலேயே அதற்குப் பெயர் அதுதான். நமக்கென்று சொன்ன நேரத்தில் எவ்வளவைப் பக்கத்து அறைக்காரன் தின்றுவிட்டான் என்பதை சர்வரே ஒரு ஓரத்தில் காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் ராம் எவ்வளவு, கோர் எத்தனை என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் சாருக்கு ஆகாது. "அன்லிமிட்டட்னு எழுதியிருக்கவன்ட்டதான் முதல்ல லிமிட்ட கேக்கணும் மக்கா" என்பார்.

கேட்கவும் செய்வார். கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு, வேண்டுமென்றே அசட்டுத்தனமாக ஒரு கேள்வி எழுதச் சொல்வார். ஒழுங்காகப் பதில் வந்தால் ஒரு டிக். 'எங்கள் மேலான வாடிக்கையாளரே' என்று தொடங்கி ஒன்றும் சொல்லாமல் முடித்தால், "சரிதான், இவனும் கோபத்துல இருக்கான்" என்று சிரிப்பார். முடிவுகளையெல்லாம் அவருடைய அறை ஜன்னல் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் எழுதுவோம். சாயங்கால வெயில் அடிக்கும்போது சார் முகத்தில் ராமும் டிஸ்க்கும் நிழலாக விழுந்து கிடக்கும்.

இத்தனையும் பார்த்தும் ஒருமுறை மண்ணைக் கவ்வினோம். கல்யாணத் தரகர் ஒருவருக்கு வரன் பார்க்கும் வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். வாங்கிய சர்வரில் தும்மல் பறந்து வந்தது. திங்கள் பார்த்தோம், செவ்வாய் பார்த்தோம், தங்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து, பூசை முடிந்து, வீட்டில் இறைச்சி வெந்து, சாப்பிட்டு முடித்து, மாவட்டத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து மாப்பிள்ளை பார்க்க உட்கார்ந்தார்கள். சைட் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து அறையில் எவனோ ஒருவன் ஞாயிற்றுக்கிழமைதான் தன் மூட்டையெல்லாம் அவிழ்த்துத் துவைப்பானாம். தரகர் போன் செய்து, "ஒரு மாப்பிள்ளைக்க பாதி மொகம்தான் வருது. பாதி மொகத்த பாத்து எவம் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஜன்னலில் ஒரு வரி கூடியது: நமக்கு எப்போது கூட்டம், பக்கத்து அறைக்காரனுக்கு எப்போது கூட்டம்.

பிறகு லைவ் கல்யாணங்கள் வந்தன. எங்கள் மாவட்டத்தில், அதிலும் கடற்கரைப் பக்கம், ஒரு கல்யாணம் என்றால் பாதிச் சொந்தம் கல்ஃபில் இருக்கும். முதலில் எல்லோரும் இலவச லைவ் தளங்களில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதா கோயிலுக்குள் கொயர் பிள்ளைகள் பாடுவதை எந்திரம் எப்படியோ யாருக்கோ உரிமையான பாட்டு என்று பிடித்துக்கொண்டு, பெண் பீடத்துக்கு நடந்துவரும்போது லைவை வெட்டிவிடும். இன்னும் சில வீட்டுக்காரர்களுக்குப் பெண்ணின் கல்யாணத்தை ஊர் உலகமெல்லாம் பார்ப்பது பிடிக்காது. கல்ஃபில் சில இடங்களில் வாட்ஸாப்பில் வீடியோ கால் போகாது. ஆக, கேட்கிற குடும்பத்துக்கு மட்டும் ஒரு லிங்க், எங்கள் சர்வர் வழியாக ஓடும் லைவ் என்று சார் ஒரு சேவை தொடங்கினார். மாத வாடகை ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடுகிற காசுதான், அந்த மாதிரி ஒரு விபிஎஸ் போதும். கேமராவும் மைக்கும் எங்கள் பொறுப்பு.

அப்படி வந்ததுதான் முட்டத்துக் கல்யாணம். பெண் ஷைனி. அவளுடைய அப்பா மிக்கேல் அண்ணன், கல்ஃபில் ஒரு அரபியின் படகில் மீன்பிடி வேலை. கல்யாணத் தேதி குறித்த பிறகு அவருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சீசன் நடுவில் ஆளை விட மாட்டார்களாம். தேதியை மாற்றலாம் என்றால், மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை, அவனுக்குக் கிடைத்த லீவு இவ்வளவுதான். ஆக, மாப்பிள்ளை வருகிறான், அப்பா வரவில்லை. அன்றைக்கு மட்டும் கரையில் நிற்க அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று மிக்கேல் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பந்தி, பாட்டு, மாலை ஒண்ணும் வேண்டாம். எம் மகளுக்குத் தாலி கட்டுகத நான் பாக்கணும். அத மட்டும் காட்டித் தருவியா?"

"காட்டித் தாறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டேன். சொல்லி போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். தரகரின் மாப்பிள்ளைக்குப் பாதி முகம் போனால் அடுத்த ஞாயிறு முழு முகம் காட்டலாம். இவருக்கு அடுத்த ஞாயிறு கிடையாது.

கையில் அப்போது இரண்டு சர்வர்கள் சோதனையில் இருந்தன. வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று பம்பாயில், மற்றொன்று ஜெர்மனியில். பெயர் வேண்டாம், நாங்கள் பம்பாய்க்காரன், ஜெர்மனிக்காரன் என்றே சொல்வோம். பம்பாய்க்காரன் எல்லாவற்றிலும் முந்தினான். தும்மல் சீக்கிரம் வந்தது. டிஸ்க் பறந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து லிங்கைத் தட்டினால் கண்ணிமைக்கும் முன் படம் வந்து நிற்கும். ஜெர்மனிக்காரன் மத்தியானத்துக்கு மேல் திருட்டுக் கொடுத்தான், தட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வருவான். சார் ஜன்னலில் பம்பாயைச் சுற்றி வட்டம் போட்டார். அடியில் இரண்டு கோடும் போட்டார். எனக்கும் மறுப்பு இல்லை. யாருக்கு இருக்கும்?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைப்பது எங்கள் வழக்கம். கோயிலில் மைக்கைப் பிடித்து, கேமராவை நிறுத்தி, பீடத்துக்கு முன் யாரையாவது மாப்பிள்ளையாக நிற்க வைப்போம். அன்று நின்றது ஷைனியின் தம்பி லிபின். படம் ஆகப் பெரியதாக, பளபளவென்று வர வேண்டும் என்று வந்த நாளிலிருந்து பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். "அக்கா, ஃபோர் கே இல்லன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பானுவ" என்பான்.

சார் அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஏலே மக்கா, படம் கொஞ்சம் மங்கினா ஜனம் கண்ண சுருக்கிட்டுப் பாக்கும். சத்தம் விட்டு விட்டு வந்தா போன தூக்கிப் போட்டுட்டுப் போயிரும். எந்த லைனுலயும் மொதல்ல சத்தம். பொறவுதான் படம்." அதன்படி லைவை மூன்று படியாக அமைத்திருந்தேன். லைன் நன்றாக இருந்தால் நல்ல படம். மோசமானால் சின்னப் படம். அதைவிட மோசமானால் படம் நின்றுவிடும், சத்தம் மட்டும் விடாமல் போகும். இதில் சமரசமே கிடையாது என்று சார் மேசையைத் தட்டினார். லிபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஒத்திகை லிங்கை மிக்கேல் அண்ணனுக்கும் ஒரு மரியாதைக்கு அனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"தங்கச்சி, ஒரு வட்டம் கெடந்து சுத்துது."

"லைன்ல இருங்க அண்ணா, வரும்."

"வருது. ஒரு துண்டு வருது, பொறவு சுத்துது. பின்ன ஒரு துண்டு. லிபினுக்க தலை இஞ்ச இருக்கு, பொறவு பாத்தா அங்க நிக்கான். நடந்தத காணல."

சாரிடம் சொன்னேன். "அவருக்க போன் பழசா இருக்கும் மக்கா" என்றார். இருக்கலாம். ஆனால் அதே போனில் அவர் பாட்டும் சினிமாவும் பார்க்கிறவர்தானே. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜெர்மனிக்காரனுக்கு அந்த மாத வாடகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, சும்மாதான் கிடந்தான். அதே லைவை அவன் வழியாகவும் திருப்பிவிட்டு, புது லிங்கை அனுப்பினேன். போனை வைக்காமல் காத்திருந்தேன். அப்புறம் ஒரு சிரிப்பு.

"ஓடுது தங்கச்சி! சுத்தவே இல்ல. லிபின் மூக்க நோண்டுறான், அதுகூடத் தெரியுது. அவன அங்க அடங்கி நிக்கச் சொல்லு."

லிபின் கையை டபக்கென்று கீழே இறக்கினான். அந்தப் பிள்ளைக்கு அவனுடைய அப்பாவின் கண் கடல் தாண்டி வந்து சேர்ந்த முதல் தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்து, பம்பாய் சர்வரில் இருந்தபடியே மிக்கேல் அண்ணனின் போனுக்குப் பாதை போட்டுப் பார்த்தேன். ஒரு சர்வரிலிருந்து புறப்படும் செய்தி எந்தெந்த ஊர் வழியாகப் போய்ச் சேருகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. பார்த்தால், ஐயோ என்றாகிவிட்டது! பம்பாயிலிருந்து அரபிக்கடலைக் குறுக்கே தாண்டினால் அவர் இருக்கும் இடம். ஆனால் அந்த மலிவுக் கம்பெனி பிடித்திருந்த மலிவு லைன் நேராகப் போகவில்லை. ஐரோப்பாவுக்குப் போய், அங்கே ஒரு நெரிசலில் மாட்டி முழி பிதுங்கி, திரும்பி கல்ஃபுக்கு வந்தது. ஜெர்மனிக்காரனோ பாதி வழியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அங்கிருந்து நல்ல லைனும் இருந்தது.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருடமாக எழுதியும் அழித்தும் வந்த அந்தக் கண்ணாடியில் ஒவ்வொரு வேகமும் எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வேகம்தான். பள்ளிக்கூடத்து வெப்சைட்டுக்கும் ஜவுளிக்கடை வெப்சைட்டுக்கும் அது சரி. பார்க்கிறவர்களும் இங்கேயே இருந்தார்கள். இந்தக் கல்யாணத்தை லைவில் பார்க்கப்போகிற ஒரு ஆள்கூட நாகர்கோவிலில் இல்லை. நாகர்கோவில்காரன் பஸ் ஏறி வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவான்!

"நாம நம்ம கண்ணுக்கு லைவ் வச்சிருக்கோம்" என்றார் சார். "பாக்க வேண்டியவன் எல்லாம் அக்கரையில கெடக்கான்." சட்டைக் கையால் வட்டத்தை அழித்தார். சட்டை பாழ். வீட்டில் அவருக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் அலுவலகமே கல்ஃபுக்குப் போன் போட்டது. யாருக்கு அங்கே மாமன் இருக்கிறான், யாருக்கு மச்சான் இருக்கிறான் என்று தேடித் தேடி, இரண்டு சர்வரிலும் சாரின் மச்சினி கல்யாண வீடியோவை ஓட விட்டு, இரண்டு லிங்கையும் அனுப்பி, எது சுத்தாமல் ஓடுகிறது என்று கேட்டோம். ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். "ரெண்டும் நல்லா இருக்கு, பொண்ணு எங்க?" என்றான் ஒருவன். "இது எனக்க கல்யாண வீடியோ இல்லியே" என்றான் இன்னொருவன். சாரின் சித்தப்பா மகன் தும்மல் வரை பார்த்துவிட்டு, "ஏலே, அது நம்ம தங்கையா மாமாவுக்க சத்தம்லா!" என்று கத்தினான். அத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் தராசுக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஜெர்மனிக்காரன்தான் ஓடுகிறான்.

இன்னும் ஒரு முள் மிச்சம் இருந்தது. ஜெர்மனிக்காரனிடம் திருட்டு உண்டு என்று சொன்னேனே. லைவை மூன்று படியாகப் பிரித்துக் கொடுக்க சர்வருக்கு வலு வேண்டும். பக்கத்து அறைக்காரன் குழாயைத் திறந்தால் தாலி கட்டும் நேரத்தில் எங்களுக்குச் சொட்டுப் போடும். திருட்டு ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். சார் எட்டிப் பார்த்தார்.

"திருட்டு எப்ப ஏறுது மக்கா?"

"நமக்கு மத்தியானத்துக்கு மேல சார்."

"அப்ப அவனுக்கு?"

"ஜெர்மனியில அப்ப காலை. ஆபீஸ் தொறக்கும்போ."

"கல்யாணப் பூசை நமக்குக் காலையிலலா? அப்ப அவன் எங்க இருப்பான்?" சாரின் முகம் மலர்ந்தது. "போர்வைக்குள்ள! அவன் எந்திரிச்சுப் பல்லு தேய்க்கதுக்குள்ள நாம தாலி கட்டிருவோம்."

தரகரின் பாதி முகத்து மாப்பிள்ளை கற்றுக்கொடுத்த பாடம் அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிரயோஜனப்பட்டது. ஜெனிஷா, உன் பட்டியலில் ஜெர்மனிக்காரன் மாதிரி ஒருவனுக்கு நீ சிவப்பு அடித்திருக்கிறாய். இந்தக் கல்யாணத்துக்கு அவனைவிட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் யாரு பாக்கதுக்கு என்று கேட்டேன்.

கல்யாண நாள். சார் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோயிலில், கொயருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு. கடல்காற்று ஜன்னல் வழியாக வந்து எல்லாப் பெண்களின் பட்டுச் சேலையையும் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பெனி சிம் போட்ட டப்பா வழியாக லைவ் ஏறிக்கொண்டிருந்தது. மிக்கேல் அண்ணனின் இணைப்பு ஸ்கிரீனில் ஒரு வரியாகத் தெரிந்தது. மற்ற சொந்தங்கள் வந்தார்கள், போனார்கள். அவர் பூசை தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். வெறும் பீடத்தையும் பூ வைக்கிற பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷைனி தாய்மாமன் கையைப் பிடித்து நடந்து வந்தாள். உறுதிமொழி சொல்லும்போது குரல் முதலில் நடுங்கி, பிறகு நன்றாக எழுந்தது. மைக் லைனை நேராக எடுத்திருந்ததால் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பாதர் தாலியை மந்திரித்துக் கையில் எடுத்தார். அப்போது எங்கிருந்தோ போட்டோக்காரர்கள் பாய்ந்து வந்து பீடத்தைச் சுற்றி நின்றார்கள். என் ஸ்கிரீன் முழுக்க ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை.

அவ்வளவு பாடும் பட்டது இந்த முதுகைக் காட்டவா? லேப்டாப்பை கொயர் பிள்ளையிடம் தள்ளிவிட்டு எழுந்து போனேன். கோயிலில் கத்த முடியாது. அந்தக் கட்டம் போட்ட சட்டையின் காலரைப் பின்னாலிருந்து பிடித்து ஒரு இழு இழுத்தேன். ஆள் அப்படியே என்மேல் சாய்ந்தான். "அப்பா பாக்காருடே" என்று அவன் காதில் சொன்னேன். யாருடைய அப்பா என்று அவன் கேட்கவில்லை. தள்ளி நின்றான். மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். மணி அடித்தது. திரும்பி வந்து ஸ்கிரீனைப் பார்த்தேன்: படம் கண்ணாடி மாதிரி, வரைபடம் நேர்கோடு, மிக்கேல் அண்ணனின் இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை. போனில் சார், "சாதிச்சிட்டோம் மக்கா!" என்று கத்திய சத்தத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தியில் எனக்கு இலை போட்டுப் பிரியாணியும் வந்துவிட்டது. கையை வைக்கப் போகும்போது தெரியாத எண்ணிலிருந்து கால். மிக்கேல் அண்ணன்தான், அவரோடு அறையில் தங்கியிருக்கும் ஒருவரின் போனிலிருந்து.

"அண்ணா! சுத்துனுச்சா?"

"இல்ல தங்கச்சி. ஒரு எடத்துலயும் சுத்தல."

"படம் தெளிவா இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா? அப்ப நீங்க பாக்கலியா அண்ணா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "பாதர் தாலிய கையில எடுத்தாரு பாரு. அதுவர பாத்தேன். பொறவு கண்ணு நெறஞ்சுபோச்சு. தொடைக்கத் தொடைக்க வருது. ஒண்ணும் காணல. சத்தம் மட்டும் கேட்டுது. மணி அடிச்சுது, எம் மக அழுதா, அது கேட்டுது. நல்லா கேட்டுது."

இலையைத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் லிபின் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். ஃபோர் கே கேட்ட பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"இப்ப மொகம் கழுவிட்டு வந்தேன்" என்றார் மிக்கேல் அண்ணன். "தொடச்சாச்சு. அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா போடுவியா தங்கச்சி?"

சாருக்குச் சொன்னேன். "ஜெர்மனியில எல்லாவனும் எந்திரிக்க ஆரம்பிச்சிட்டான், திருட்டு ஏறுது, சீக்கிரம் போடு" என்றார். லேப்டாப்பைத் திறந்து, சர்வரில் பதிவாகிக் கிடந்த அந்தத் துண்டை வெட்டி, அதே லிங்கில், லைவாகவே திருப்பி விட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். லிபின் என் தோளுக்கு மேலே குனிந்து நின்றான். கல்ஃபில் ஒரு அறைக்குள் எங்கள் கோயில் மணி மறுபடியும் அடிப்பது இங்கே பந்தியில் கேட்டது.

"காணுதா அண்ணா?"

"பேசாத தங்கச்சி" என்றார் அவர். "தாலி கெட்டுகானுவ."